போர் தண்ணீர்க் கறையும் ஒரு பழைய வேட்டியும்

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறது. 1984-இல் மாமனார் கட்டியது. கடற்கரை நடந்துபோகும் தூரம். அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரிலேயே பருப்பு பூப்போல வெந்துவிடும் என்று அத்தை இன்றும் சொல்வார். பிறகு கிணறு உவர்த்துப்போனது. போர் போட்டோம். அதுவும் வருடத்துக்கு வருடம் கரித்துக்கொண்டே வந்தது. இப்போது அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டால் இரண்டு மணி நேரம் கொதித்தாலும் விரைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ போர் தண்ணீர். வடசென்னையில் கடலை ஒட்டிய பல வீடுகளில் இதுதான் நடைமுறை.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. லாரிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடப் பாத்ரூமுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஏழெட்டு மாதங்கள் அங்கே முழுக்க முழுக்க போர் தண்ணீர்தான். மழை வந்து நிலைமை சீரானபோது குளியலறையை நின்று பார்த்தேன். நீல நிற டைல்ஸ் இடுப்பு உயரம் வரை சாம்பல் பூத்திருந்தது. குழாயின் கழுத்தைச் சுற்றி வெள்ளை மோதிரம். ஷவரில் பாதித் துளைகள் அடைத்து, மீதித் துளைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் சுவரில் பீய்ச்சின. வாளியின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் கொடுவா மீன் செதில்போலப் பெயர்ந்து வந்தது. செதில் என்று சொன்னவர் அத்தைதான். ராயபுரத்தில் பிறந்து காசிமேட்டு மீனில் வளர்ந்தவர்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கப்படி, 2020 ஜனவரியில் போகிக்கு முந்தைய வாரம் பாத்ரூமில் இறங்கினேன். முதலில் சோப்புத்தூளும் தேங்காய் நாரும். ஒரு மணி நேரம் தேய்த்ததில் அழுக்குப் போனது, வெள்ளை அப்படியே இருந்தது. அடுத்து கம்பி நார். வெள்ளை கொஞ்சம் போனது. அதோடு டைல்ஸின் பளபளப்பும் போனது. அந்தக் கீறல்களில்தான் அடுத்த கறை இன்னும் இறுக்கமாகப் பிடித்தது என்பது பிறகு புரிந்தது.

மறுநாள் சைக்கிளில் கேன் கட்டி விற்றுக்கொண்டு வருபவரிடம் ஆசிட் வாங்கினேன். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். பெயர்ச்சீட்டு இல்லை, எச்சரிக்கை இல்லை. எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் வாங்குகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுவரில் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வெள்ளை கரைந்து ஓடியது. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. வாடையைப் போக்கவும், தரை இன்னும் வெளுக்கட்டும் என்றும் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன்.

இதை வாசிக்கும் யாரும் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைச் செய்யக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டே நொடியில் கண் எரிந்தது, தொண்டையை யாரோ பிடித்ததுபோல் மூச்சு நின்றது. எப்படியோ வெளியே வந்துவிட்டேன். என்ன சத்தம் என்று ஓடிவந்த பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனும் அதைச் சுவாசித்து இருமத் தொடங்கினான். எல்லோரும் தெருவுக்கு வந்து நின்றோம். அவனுக்கு இரவு வரை நெஞ்சு இறுக்கம் தீரவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மூச்சுக்கு மருந்து வைத்த பிறகே சரியானது. சன்னல் ஒரு சாண் அகலம் மட்டுமே இருக்கும் நம் வீட்டுப் பாத்ரூம்களில் இது உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்துவிட்டால், கழுவிவிட்டு வரலாம் என்று மறுபடி உள்ளே போகாதீர்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் வாங்கும் கழிப்பறை திரவங்களிலும் ஒன்றில் அமிலம் இருக்கும், இன்னொன்றில் பிளீச் இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது.

சேதம் அதோடு நிற்கவில்லை. பாத்ரூம் தரை மொசைக். மொசைக் என்பது சிமெண்டில் பதித்துத் தேய்த்த பளிங்குச் சில்லு. சிமெண்ட், பளிங்கு இரண்டையும் ஆசிட் தின்னும். கால் வைத்தால் சொரசொரவென்று குழி விழுந்திருந்தது. டைல்ஸ் இடுக்குகளில் இருந்த வெள்ளைச் சிமெண்ட் அரிக்கப்பட்டுச் சுவருக்குள் ஈரம் இறங்கியது. குழாயின் குரோமியப் பூச்சு உரிந்து உள்ளே இருந்த பித்தளை தெரிந்தது. மீதி ஆசிட் பாட்டிலைச் சோப்பு வைக்கும் கடப்பாக் கல் பலகையில் வைத்திருந்தேன். அடியில் கசிந்திருந்த ஈரம் அந்தக் கறுப்புக் கல்லில் வெள்ளை வட்டமாகப் பொரிந்திருந்தது. கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல் இனம்தான் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. மூடி சரியாக இறுகாத அந்தப் பாட்டிலில் இருந்து வந்த ஆவியிலேயே இரண்டு வாரத்தில் கதவுக் கீலும் ஸ்டீல் கொக்கியும் துருப்பிடித்தன. ஆசிட்டைத் தொடாத பொருளும் கெட்டது!

வழி காட்டியவன் மகன்தான். ஆசிட் வேலை எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆவல். வாளியில் இருந்து பெயர்த்த ஒரு செதிலை ஒரு பாட்டில் மூடியில் வைத்து, மேலே வினிகர் ஊற்றினான். வீட்டில் நூடுல்ஸுக்கு வாங்கி வைத்திருந்த சாதாரண வினிகர். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செதிலின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக் குமிழ்கள் ஒன்றொன்றாக ஒட்டிக்கொண்டன. ஒரு குமிழ் கழன்று மேலே வரும், அதே இடத்தில் இன்னொன்று பிறக்கும். கால் மணி நேரத்தில் செதிலின் விளிம்பு மெலிந்து ஒளி ஊடுருவத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் செதிலே இல்லை. அடியில் செம்பழுப்பாக ஒரு நூல் மட்டும் மிச்சம். அது தண்ணீரில் இருந்த இரும்புத் துரு. வாடை இல்லை, புகை இல்லை. “அம்மா, இது உப்பே இல்லை, சுண்ணாம்பு” என்றான்.

அந்த ஒரு சொல்தான் என் கண்ணைத் திறந்தது. உப்புக்கறை, உப்புத் தண்ணீர் என்று நாம் காலகாலமாகச் சொல்கிறோம். உண்மையான உப்பாக இருந்தால் ஈரத்துணியில் துடைத்தாலே போய்விட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் 350 கிராம் சமையல் உப்பைக் கரைத்துக்கொள்ளும். சுவரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கரையும். பழவேற்காட்டுக் கிளிஞ்சலும் முட்டை ஓடும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள். சோப்பும் கார்பனேட்டை ஒன்றும் செய்யாது. அமிலத்தால்தான் அது கரியமில வாயுவாகவும் கரையும் பொருளாகவும் பிரியும். அதற்குக் கடுமையான அமிலம் தேவையில்லை. மெல்லிய அமிலம் போதும். ஆனால் அது கறையோடு ஒட்டி நிற்க நேரம் கொடுக்க வேண்டும். ஆசிட்டில் ஒரு நொடியில் நடப்பது வினிகரில் முக்கால் மணி நேரத்தில் நடக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் டைல்ஸும் குழாயும் நுரையீரலும் தப்பிக்கின்றன.

பிறகு போர் தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்தோம். கடினத்தன்மை லிட்டருக்கு 720 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தத் தரம். எங்கள் 15 லிட்டர் வாளியைக் கணக்குப் போட்டேன்: ஒரு வாளியில் சுண்ணாம்புக் கணக்கில் பத்து கிராமுக்கு மேல். இதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ஆனால் சுவரில் தங்கி நின்று காயும் துளி, தன்னிடம் இருந்ததை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகும்.

அதன் பிறகு ஐந்து வருடங்களாக நான் செய்துவரும் முறையைச் சொல்கிறேன்.

வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம் இருக்கும். சின்ன வேலைக்கு அது போதும். சுவர் முழுக்க என்றால் செலவும் வாடையும் அதிகம். சிட்ரிக் அமிலப் பொடி அதைவிட மலிவு, வாடையும் கிடையாது. பழரசம் போடுபவர்கள் வாங்கும் அதே பொடிதான். மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும். நான் பாரிமுனைக்குப் போகும்போது ஒரு கிலோவாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சீக்கிரம் வேலை நடக்கட்டும் என்று ஒருமுறை கொதிநீரில் அள்ளிப் போட்டேன். கறை போன இடத்தில் புதிதாக ஒரு வெள்ளை மாவு படிந்தது. அது கால்சியம் சிட்ரேட். சூட்டில் அது கரையாமல் படிந்துவிடும். வெதுவெதுப்பாகக் கலந்து, காயவிடாமல், கடைசியில் நன்றாக அலசினால் அந்தத் தொல்லை வராது. கரைசலைக் கையில் தொடும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய அமிலம்தான், ஆனாலும் கீறல் பட்ட விரலில் சுரீரென்று ஏறும். கண்ணில் படவே கூடாது.

அமிலத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, பலரும் அதைத் தவறவிடுகிறார்கள். குளிக்கும் இடத்துச் சுவரில் வெறும் சுண்ணாம்பு மட்டும் இல்லை. சோப்புக்கட்டி கடினத் தண்ணீரோடு சேரும்போது நுரை வராமல் திரிதிரியாக ஒரு பசை உண்டாகிறதே, அதுவும் எண்ணெயும் சுண்ணாம்பின் மேல் படலமாக ஒட்டியிருக்கும். அதன் மேல் அமிலத்தை ஊற்றினால் உள்ளே இறங்காது. முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து தேய்த்துக் கழுவி, தண்ணீரை வழித்துவிட வேண்டும். அப்புறம்தான் அமிலம்.

செங்குத்தான சுவரில் கரைசல் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். இதற்கு மாமனாரின் பழைய பருத்தி வேட்டிதான் கைகொடுத்தது. நாலாகக் கிழித்து, கரைசலில் நனைத்து, சொட்டச் சொட்டச் சுவரில் ஒட்டினால் தானாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஒரு பாலித்தீன் தாளையும் ஒட்டிவிட்டால் காயாது. அரை மணி நேரம். காதை வைத்துக் கேட்டால் துணிக்குள் மெல்லிய சிரசிரப்பு கேட்கும். அது நின்றால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். துணியை எடுத்து அதே துணியால் தேய்த்தால் வெள்ளை சேறுபோல இளகி வரும். தடிமனான இடத்துக்கு இன்னொரு முறை. எங்கள் சுவருக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கம்பி நாரைத்தான் எடுக்கத் தோன்றும். டைல்ஸ் இடுக்குச் சிமெண்டும் சுண்ணாம்பு கலந்ததுதான் என்பதால் இரவு முழுக்கத் துணியை விட்டுவைக்க வேண்டாம்.

குழாய்க்கு நேரம் இன்னும் குறைவு. நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி 15 நிமிடம். எடுத்து, பழைய பல்துலக்கியால் இடுக்கில் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். பூச்சு ஏற்கெனவே உரிந்த இடத்தில் அமிலம் நின்றால் பச்சை பூக்கும். பூச்சு இல்லாத பித்தளைக் குழாய்க்கு அத்தையின் புளிதான் சரி. புளியிலும் அமிலம் இருக்கிறது. விளக்கு துலக்கும் கை அதை நன்றாக அறியும்.

ஷவரை முடிந்தால் கழற்றி ஒரு மக்கில் மூழ்க வையுங்கள். கழற்ற வராவிட்டால், ஒரு பாலித்தீன் பையில் கரைசலை ஊற்றி, ஷவர் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஊக்கின் முனையால் துளைகளைக் குத்தி, தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் அரிசி நொய்போலப் பொடிகள் கொட்டும். வாஷ்பேசின் குழாயின் நுனியில் திருகுபோல் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். தண்ணீர் மெலிந்தால் மோட்டாரையும் தொட்டியையும் சந்தேகிப்பதற்கு முன் அதைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பிளம்பர் தம்பி முதலில் அதைத்தான் கழற்றினார். உள்ளே சல்லடையே தெரியவில்லை, சுண்ணாம்பு வில்லை ஒன்றுதான் இருந்தது.

கழிப்பறைப் பீங்கானில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் விழும் வளையத்துக்கு, உள்ளே நிற்கும் தண்ணீரை முதலில் மக்கால் தள்ளி வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அமிலம் நீர்த்துவிடும். கரைசலில் நனைத்த துணியை வளையத்தின் மேல் படிய வைத்து, இரண்டு கைப்பிடி பொடியையும் தூவி இரவு முழுக்க விடலாம். பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. காலையில் துணியை எடுத்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும், துணி குழாய்க்குள் போய்விடக் கூடாது.

செம்பழுப்புக் கறை வேறு வகை. அது இரும்பு. அதற்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை போகாது, இன்னும் அழுத்தமாகும். குளோரின் இரும்பை மேலும் துருவாக்கிவிடும். சிட்ரிக் அமிலம் அதையும் கரைக்கும், ஆனால் மெதுவாக, இரண்டு மூன்று தடவையில். கண்ணாடியில் வருடக்கணக்காகக் காய்ந்த புள்ளிகள் சில எதற்கும் போகாது. அங்கே கண்ணாடியே அரிபட்டிருக்கும். அதைப் போராடித் தேய்க்காதீர்கள். பளிங்கு, மொசைக், கடப்பா மூன்றிலும் எலுமிச்சம்பழம்கூட வேண்டாம். வெந்நீர், சோப்பு, பிளாஸ்டிக் பிரஷ் மட்டும்.

கறையைப் போக்குவதைவிட அது வராமல் பார்ப்பது பத்தில் ஒரு பங்கு உழைப்புதான். கடைசியாகக் குளிப்பவர் கண்ணாடி துடைக்கும் சின்ன ரப்பர் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும். அரை நிமிட வேலை. குழாயை உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. சொட்டும் குழாய்க்கு அன்றைக்கே வாஷர் மாற்றிவிடுகிறோம். ஒரு சொட்டு தொடர்ந்து விழும் இடத்தில்தான் கறை கல்லாக வளர்கிறது. ஹீட்டரில் சூட்டை 50 டிகிரி அளவில் வைத்திருக்கிறோம். தண்ணீர் சூடாகச் சூடாகச் சுண்ணாம்பு அதிகமாகப் பிரிந்து கம்பிச்சுருளில் படியும். பழைய கம்பிச்சுருளைப் பிளம்பர் வெளியே இழுத்தபோது, விரல் தடிமன் இருக்க வேண்டியது கரும்புத் துண்டு தடிமனுக்கு இருந்தது. மின்கட்டணம் ஏன் ஏறியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. ஆர்.ஓ. கருவியில் இருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துப் பாத்ரூம் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வடிகட்டியது போக மிஞ்சும் அந்தத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் முன்பைவிடச் செறிவாக இருக்கும். கறையை நானே ஊற்றி வளர்த்திருக்கிறேன். இப்போதும் அதைக் கொட்டுவதில்லை. வாசல் கழுவவும் கழிப்பறையில் ஊற்றவும் வைத்துக்கொள்கிறேன். சுவருக்கும் குழாய்க்கும் கிடையாது.

மென்னீராக்கும் கருவி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். வாரம் ஒருமுறை போல உப்பு போட்டு அலச வேண்டும், அந்த உப்புத் தண்ணீர் வெளியே போகும். மாடியில் இடமும் கையில் பணமும் இருப்பவர்கள் வைக்கலாம். நாங்கள் அதற்குப் பதிலாக 2003-இல் சட்டப்படி கட்டிவிட்டு மறந்துபோன மழைநீர்த் தொட்டியைத் தோண்டிச் சேறு அள்ளி, கூழாங்கல்லும் மணலும் மாற்றினோம். மாடித் தண்ணீர் முழுவதையும் பழைய கிணற்றுக்குத் திருப்பினோம். மழைக்காலம் முடிந்த கையோடு சில மாதங்களுக்குச் சோப்பு கொஞ்சம் நுரைக்கிறது. பங்குனி பிறந்ததும் பழையபடி திரிந்துவிடுகிறது. அந்தச் சில மாதங்கள் எங்களுக்குப் பெரிது.

இப்போது சுவர் நீலமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு வேட்டித் துண்டு ஒட்டினால் போதும். மகன் கல்லூரிக்குப் போய்விட்டான். விடுமுறைக்கு வந்தால் குளித்துவிட்டு வைப்பரால் வழிக்க அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடப்பாக் கல்லில் பாட்டில் வைத்த வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அத்தை அதில் தேங்காய் எண்ணெய் தடவிவைப்பார். இரண்டு நாள் மறைந்திருக்கும். மூன்றாம் நாள் தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் வெள்ளையாக எழும்பி வந்துவிடும்.